20 ஆயிரம் டாலர் அல்பாகா இலவசமாகப் போன கதை

கையில் நாலு காசு சேர்ந்தால் ஊரில் என்ன தொழில் செய்யலாம்? மின்சார ரயிலிலும் ஆபீஸ் கான்டீனிலும் நம்மவர் இருவர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். ஒருவர் கோழிப் பண்ணை என்பார். மற்றவர் ஆட்டுப் பண்ணை என்பார். மூன்றாமவர் சட்டைப் பையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்து நீட்டுவார். "பணம் உங்களுடையது, உழைப்பு எங்களுடையது, லாபம் நிச்சயம்" என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

வேலையை விட்டு ஓய்வு பெறும்போது ஒரு துண்டு நிலம், நாலு பிராணி, நிம்மதியான வருமானம் என்று கனவு காண்பது நாம் மட்டும் அல்ல. டாலர் புரளும் அமெரிக்காவிலும் மாதச் சம்பளக்காரர்களுக்கு அதே கனவுதான். அங்கே பலருடைய கண்ணில் பட்டது அல்பாகா என்ற பிராணி. அதை நம்பிப் பணம் போட்டவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சிலர் மட்டும் தாக்குப் பிடித்து இன்றும் தொழில் நடத்துகிறார்கள். இரண்டு சாராருக்கும் இருந்தது ஒரே பிராணிதான். வித்தியாசம் எங்கே? நமக்கும் பயன்படக்கூடிய விஷயம் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கோட்டில் கேட்ட பெயர்

அல்பாகா என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கறுப்பு அல்பாகா கோட்டு அணிவது வழக்கம். எடை குறைவு, மினுமினுப்பு அதிகம், சீக்கிரம் கசங்காது. நம் தாத்தாக்களுக்குக் கோட்டு தெரியும். அந்தக் கோட்டுக்குப் பெயர் தந்த பிராணியைத்தான் தெரியாது.

இந்தத் துணியைப் பெரிய அளவில் நெய்து உலகத்துக்கு விற்றவர் டைட்டஸ் சால்ட் என்ற ஆங்கிலேய ஆலை முதலாளி. 1836-ல் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் யாரும் சீந்தாமல் கிடந்த அல்பாகா ரோம மூட்டைகள் இவர் கண்ணில் பட்டன. அதை நூற்கும் வழியைக் கண்டுபிடித்துப் பெரும் பணம் சேர்த்தார். பிராட்போர்டு நகருக்கு அருகே அவர் கட்டிய ஆலை 1853-ல் திறக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளும் சேர்ந்த அந்த ஊருக்குச் சால்டேர் என்று பெயர். 2001-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒட்டகத்துக்குத் தாயாதி

அல்பாகா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பிராணி. பார்த்தால் நீண்ட கழுத்துள்ள ஆடு போல இருக்கும். ஆனால் ஆட்டினம் அல்ல, ஒட்டக இனம். திமில் கிடையாது. லாமா, குவானாக்கோ, விக்கூனா மூன்றும் இதற்கு நெருங்கிய சொந்தம். காட்டு விக்கூனாவைப் பழக்கித்தான் அல்பாகா உண்டானது என்று மரபணு ஆராய்ச்சியில் தெரிய வந்திருக்கிறது. மனிதன் அதைப் பழக்கி ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

தோள் வரை மூன்று அடி உயரம். எடை 50 முதல் 85 கிலோ. ஆயுள் 15 முதல் 20 ஆண்டு. சினைக்காலம் பதினொன்றரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான். இரட்டைக் குட்டி என்பது அபூர்வம். இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதுவான பிராணி. கோபம் வந்தால் துப்பும். மந்தையாக வாழும் வழக்கம் உள்ளதால் தனியாக ஒன்றை மட்டும் வளர்க்க முடியாது. பாதம் மெத்தென்று இருப்பதால் புல்தரை பாழாவதில்லை. மந்தை முழுவதும் ஒரே இடத்தில் போய்ப் புழுக்கை போடும். எருவை அள்ளுவது சுலபம்.

இதில் இரண்டு வகை உண்டு. பஞ்சுப் பொதி போல ரோமம் புசுபுசுவென்று நிற்பது வக்காயா. பட்டு நூல் போலச் சடை சடையாகத் தொங்குவது சூரி. பத்தில் ஒன்பது வக்காயாதான். வெள்ளை, பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று இருபதுக்கு மேற்பட்ட இயற்கை நிறங்களில் ரோமம் கிடைக்கிறது. சாயம் போடாமலே பல நிற நூல் நூற்கலாம். ஆட்டு ரோமத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை இதில் மிகக் குறைவு. அதனால் அலசுவதும் எளிது.

விரல் நுனிதான் தராசு

உலகில் உள்ள அல்பாகாக்களில் பெரும்பகுதி பெரு நாட்டில் இருக்கிறது. பூனோ, கூஸ்கோ, அரெக்கிப்பா பகுதிகளில், கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரம் மீட்டர் உயரத்தில், மரம் கூட வளராத குளிர் மேடுகளில் இவை மேய்கின்றன. அங்கே பயிர் செய்ய வழி இல்லை. மேய்ப்பர் குடும்பங்களுக்கு இதுதான் சொத்து, இதுதான் பிழைப்பு. கடும் பனி விழும் வருடங்களில் குட்டிகள் ஏராளமாகச் செத்துப் போகின்றன.

வருடத்துக்கு ஒரு தடவை ரோமம் கத்தரிக்கிறார்கள். தரகர் வந்து எடை போட்டு வாங்கிப் போகிறார். அரெக்கிப்பா நகரத்து ஆலைகளில் அதைத் தரம் பிரிக்கிறார்கள். இந்த வேலையைச் செய்பவர்கள் பெண்கள். கண்ணால் பார்த்து, விரலால் தடவி, இது இன்ன தரம் என்று சொல்லிவிடுவார்கள். பல வருடப் பழக்கத்தில் வந்த கைத்திறன் அது.

தரம் என்பது ரோமத்தின் மெல்லிய தன்மை. அதை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான். பெரு நாட்டு அளவுப்படி 23 மைக்ரானும் அதற்குக் கீழும் இருந்தால் 'பேபி அல்பாகா'. குட்டியின் ரோமம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கிழட்டு அல்பாகாவின் ரோமமாக இருந்தாலும் மெல்லியதாக இருந்தால் அதற்கு அந்தப் பெயர்தான். 31.5 மைக்ரானுக்கு மேல் போனால் முரட்டு ரகம். அது உடம்பில் குத்தும்.

ஆக, அல்பாகாவின் மதிப்பு அதன் ரோமத்தில் இருக்கிறது. பெரு நாட்டு மேய்ப்பருக்கு இது தெரியும். கடல் கடந்து போனபோதுதான் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று.

கப்பலேறிய மந்தை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அல்பாகாவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர் அதை மீறினார். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் தரும் சின்கோனாவின் உயர்ந்த ரக விதையைப் பின்னாளில் வெளியே அனுப்பியவரும் இவரே. மலைகளையும் பாலைவனத்தையும் தாண்டி மந்தையை ஓட்டி வந்தார். வழியில் பாதிக்கு மேல் மாண்டன. மிஞ்சிய 256 பிராணிகளோடு 1858-ல் சிட்னி துறைமுகத்தில் இறங்கினார். ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. அங்குள்ள அரசாங்கம் மந்தையை விலைக்கு வாங்கியது. ஆனால் தொழில் நிலைக்கவில்லை. சில வருடங்களில் மந்தை சிதறிப் போயிற்று.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அல்பாகா தன் மலையிலேயே இருந்தது. 1984-ல்தான் அமெரிக்காவுக்கு வியாபார ரீதியில் இறக்குமதி தொடங்கியது. கதையின் முக்கியமான பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

குட்டிக்கு விலை, ரோமத்துக்கு விலை இல்லை

அமெரிக்காவில் அப்போது அல்பாகாக்கள் சொற்பம். வாங்க ஆசைப்பட்டவர்களோ அதிகம். வருடத்துக்கு ஒரே குட்டி என்பதால் எண்ணிக்கை சட்டென்று பெருகவில்லை. இது போதாதென்று, வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் பிராணிகளைப் பதிவேட்டில் சேர்ப்பதை 1998-ல் நிறுத்தினார்கள். பதிவு இல்லாத பிராணிக்கு மதிப்பு இல்லை. விலை ஏறியது. ஒரு பெண் அல்பாகா 20 ஆயிரம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பேர் பெற்ற பொலி ஆண்கள் லட்சக்கணக்கான டாலருக்குப் போயின.

டெலிவிஷனில் விளம்பரம் வந்தது. பச்சைப் புல்வெளி, சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம், பக்கத்தில் அழகான அல்பாகாக்கள். வரிச் சலுகை உண்டு என்றார்கள். வாங்கியவர்கள் மனத்தில் ஓடிய கணக்கு இதுதான்: ஒரு பெண் அல்பாகா வருடம் ஒரு குட்டி போடும். அந்தக் குட்டியும் 20 ஆயிரம் டாலர் பெறும். ஒரே வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அப்புறம் வருவதெல்லாம் லாபம்.

குட்டியை யார் வாங்குவார்கள்? இன்னொரு பண்ணைக்காரர். அவர் போடும் குட்டியை? வேறொரு புதிய பண்ணைக்காரர். புதியவர் வந்துகொண்டே இருக்கும் வரையில் எல்லோருக்கும் லாபம். வருவது நின்றால் கடைசியில் வாங்கியவர் தலையில் விடியும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டினா சைட்டோன், ரிச்சர்டு செக்ஸ்டன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரோமத்தில் வரும் வருமானத்தை எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் இந்த விலைக்கு நியாயம் இல்லை, இது ஊதிய பலூன் என்று சொன்னார்கள். பண்ணைக்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள்.

2008-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. புதியவர் வருவது நின்றது. விலை பாதாளத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பிராணிகளைச் சில நூறு டாலருக்கும் கேட்க ஆள் இல்லை. "இலவசமாக ஓட்டிப் போங்கள்" என்று விளம்பரம் கொடுத்தவர்களும் உண்டு. தீனி போட முடியாமல் கைவிடப்பட்ட மந்தைகளைக் காப்பாற்றத் தொண்டு செய்பவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று.

ஒரு கணக்கு

நாம் கணக்குப் பிள்ளைகள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உத்தேசம்தான். ஆனாலும் விஷயம் புரியும்.

பண்ணையில் பத்து அல்பாகா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிராணிக்கு 3 கிலோ ரோமம் வீதம் வருடத்துக்கு 30 கிலோ. இதில் முதுகிலும் விலாவிலும் எடுத்த நல்ல ரோமம் பாதி, அதாவது 15 கிலோ. கழுத்து, கால் ரோமம் முரடு. மொத்தத்தையும் அப்படியே வியாபாரிக்குக் கிலோ 5 டாலருக்குப் போட்டால் 150 டாலர் கிடைக்கும்.

ஒரு பிராணி ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ காய்ந்த புல் தின்னும். பத்துக்கு வருடத்தில் நாலரை டன். டன் 200 டாலர் என்றால் 900 டாலர். ரோமம் கத்தரிக்க ஆள் கூலி தலைக்கு 40 வீதம் 400. ஆகச் செலவு 1,300, வரவு 150!

அதே 15 கிலோ நல்ல ரோமத்தைச் சிறு ஆலையில் கொடுத்து நூலாக்கினால்? தூசி, குட்டை ரோமம் கழிந்து 11 கிலோ நூல் தேறும். நூறு கிராம் சிட்டமாகப் போட்டால் 110 சிட்டம். ஒன்று 25 டாலர் வீதம் 2,750. ஆலைக்கூலி சுமார் 1,050 போக 1,700 நிற்கும். புல்லும் கத்தரிப்புக் கூலியும் போனால் மிச்சம் 400 டாலர். மருந்து, வேலி, கொட்டகைச் செலவு இன்னும் சேர்க்கவில்லை.

நூலைக் குல்லாயாகப் பின்னினால்? ஒரு சிட்டத்தில் ஒரு குல்லாய் என்றும், ஒன்று 50 டாலர் என்றும் வைத்தால் 5,500 டாலர். ஆனால் ஒரு குல்லாய் பின்ன ஐந்து மணி நேரம். 110 குல்லாய்க்கு 550 மணி நேரம். அத்தனையும் விற்க வேறு வேண்டும்.

இப்போது 20 ஆயிரம் டாலருக்கு வருவோம். அந்தப் பணத்தைச் சும்மா பாங்கியில் போட்டால் நூற்றுக்கு ஐந்து வட்டி என்றாலும் வருடம் ஆயிரம் டாலர். ஒரு அல்பாகாவின் ரோமத்தை நூலாக்கி விற்றாலும் செலவைக் கழிக்காமலே 275 டாலருக்கு மேல் வரவில்லை. பிராணியின் விலைக்கும் பிராணி தரும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஈரோட்டில் பார்த்ததுதான்

இதைப் படிக்கும்போது கொங்கு நாட்டு வாசகர்களுக்கு ஈமு கோழி நினைவுக்கு வந்திருக்கும். ஈரோடு மாவட்டம் பெருந்துறையிலும் சுற்று வட்டாரத்திலும் நடந்தது இதே கதைதான். பணம் கட்டினால் குஞ்சு தருவோம், தீனி தருவோம், மாதா மாதம் பணம் தருவோம், வருடத்துக்குப் போனஸ் உண்டு என்றார்கள். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். ஈமு இறைச்சியை வாங்கித் தின்பவர் யார், எண்ணெயை வாங்குபவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. புதிதாகச் சேர்ந்தவர் பணம் பழையவருக்குப் போயிற்று. 2012-ல் எல்லாம் சரிந்தது. பறவைகள் பட்டினி கிடந்தன. அவற்றுக்குத் தீனி போட அரசாங்கக் கால்நடைத் துறை வர வேண்டியதாயிற்று. முதலீட்டாளர்கள் வரிசையில் நின்று புகார் கொடுத்தார்கள். கோவை தனி நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்து தண்டனைகளும் விதிக்கப்பட்டன. ஆனால் போன பணம் போனதுதான் என்று இருக்கிற குடும்பங்கள் பல.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஈமுவில் நடந்தது மோசடி. அல்பாகாவில் பெரும்பாலும் நடந்தது பேராசை. விற்றவர்களே நம்பித்தான் விற்றார்கள். ஆனால் நஷ்டப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தாக்குப் பிடித்தவர்கள்

விலை சரிந்த பிறகும் சில பண்ணைகள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. அவர்கள் என்ன செய்தார்கள்?

முதலாவது, குட்டி விற்கும் ஆசையை விட்டார்கள். விலை இறங்கிய பிறகு மலிவாக வாங்கியவர்களுக்கு முதல் பாரமும் இல்லை. ரோமத்தைத் தரம் பிரித்துச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கத்தரித்த அன்றே மேசையில் விரித்து, வைக்கோல் துரும்பையும் முரட்டு ரோமத்தையும் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். மெல்லிய ரோமம் கழுத்துத் துண்டுக்கு. நடுத்தரம் காலுறைக்கு. முரடைக்கூட வீணாக்குவதில்லை. அதை நமுதாவாக அழுத்திப் பூட்ஸுக்குள் வைக்கும் அட்டையாக விற்கிறார்கள். புழுக்கையைத் தோட்ட எருவாக மூட்டை கட்டி விற்கிறார்கள்.

இரண்டாவது, நேரடியாக விற்கிறார்கள். அமெரிக்காவில் கம்பளித் திருவிழாக்கள் உண்டு. மேரிலாந்தில் மே மாதமும், நியூயார்க் மாநிலத்து ரைன்பெக்கில் அக்டோபரிலும் நடப்பவை பேர் போனவை. கையால் நூற்பவர்களும் பின்னுபவர்களும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். நூல் சிட்டத்தில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். எந்த அல்பாகாவின் ரோமம் என்று அதன் பெயரே அதில் எழுதியிருக்கும். வாங்குபவருக்கு அதில் ஒரு சந்தோஷம். பண்ணைக்கு வரும் குழந்தைகளுக்குச் சுற்றிக் காட்டுவதிலும், நூற்கச் சொல்லிக் கொடுப்பதிலும் கொஞ்சம் வருமானம் வருகிறது.

மூன்றாவது, கூட்டாகச் சேர்ந்தார்கள். பத்துப் பிராணியின் ரோமத்தை எந்த ஆலையும் மதிக்காது. பல பண்ணையின் ரோமம் ஒன்றாகச் சேர்ந்தால் மூட்டைக் கணக்கில் நூற்கலாம். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்துக் குல்லு சால்வைக்குப் பேர் கிடைத்ததும் இப்படித்தான். 1944-ல் தொடங்கிய புட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் குல்லுவில் நடக்கிறது.

வட்டி அல்ல, கூலி

இவர்கள் பணக்காரர் ஆகிவிட்டார்களா என்றால் இல்லை. பலருக்கு வேறு ஒரு சம்பளமோ பென்ஷனோ இருக்கிறது. இதில் வருவது பக்க வருமானம். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும். பிராணியிலிருந்து வந்தது கொஞ்சம். மீதி வந்தது பொறுக்கிய கை, பின்னிய கை, கடை போட்டு விற்ற வாய் ஆகியவற்றிலிருந்து. அதாவது இந்தத் தொழில் தருவது போட்ட பணத்துக்கு வட்டி அல்ல. செய்த வேலைக்குக் கூலி. கூலி என்று தெரிந்து இறங்கியவர்கள் நிலைத்தார்கள். வட்டி என்று நம்பி இறங்கியவர்கள் விழுந்தார்கள்.

அல்பாகாவை நம் ஊரில் யாரும் விற்க வரமாட்டார்கள் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். பிராணி மாறும், பேச்சு மாறாது. நேற்று ஈமு. நாளை முயலாகவோ காடையாகவோ இருக்கலாம். ஏதோ ஒரு மூலிகைச் செடியாகவும் இருக்கலாம். விளம்பரத் தாளை நீட்டுகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

இந்தப் பிராணி தரும் பொருளை, இன்னொரு பண்ணைக்காரர் அல்லாத யார், என்ன விலைக்கு வாங்குகிறார்? அந்த விலையில் ஒரு வருட வரவு, ஒரு வருடத் தீனிச் செலவுக்காவது கட்டுமா? அன்றாட வேலையைச் செய்யப் போவது யார்?

மூன்றாவது கேள்வி நம்மைப் போல் பிழைக்க வந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். ஊரில் பண்ணை இருக்கும். நாம் இங்கே லெட்ஜர் எழுதிக்கொண்டிருப்போம். கையால் செய்து கூலி வாங்க வேண்டிய தொழிலில், கை இங்கேயும் தொழில் அங்கேயுமாக இருந்தால், அந்தக் கூலி வேறொருவருக்குப் போகும். நமக்கு மிஞ்சுவது தீனிச் செலவுதான்.

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். பி.எப். பணம் பாங்கியிலேயே இருக்கட்டும்.